வீட்டு முட்டை முதலில் வீட்டுக்கு

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய இடத்தில் கொட்டில் போட்டதும் முதலில் தேடுவது தண்ணீரை. கையில் சிறிது காசு சேர்ந்ததும் வாங்குவது பெரும்பாலும் இரண்டொரு கோழியை. வயல் இல்லை, தோட்டம் இல்லை, மாடு கட்ட இடமில்லை. ஆனால் கோழி கிளறுவதற்கு ஒரு சிறு முற்றம் போதும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களிடமும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்களிடமும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து பின்னர் மீளக் குடியேறியவர்களிடமும் இவ்வழக்கத்தைக் காண்கிறோம். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல் பிறர் காணியில் வாழும் குடும்பங்களிலும் கோழி இருக்கிறது.

கோழி இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. ஆனால் அந்த முட்டை அவ்வீட்டுப் பிள்ளையின் கோப்பைக்கு வருகிறதா? இக்கேள்வியை வைத்துக்கொண்டே இப்பாடத்தைப் படிப்போம். நல்ல முட்டை எது என்று அறிதல், அதைப் பழுதாகாமல் வைத்திருத்தல், வீட்டில் எல்லோரும் சுவையாகவும் நியாயமாகவும் உண்ணுதல் ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

1. முட்டை எங்கே போகிறது?

பல வீடுகளில் நடப்பது இதுதான். ஐந்தாறு முட்டை சேர்ந்ததும் தாய் அவற்றைக் கடைக்குக் கொடுத்து விடுகிறார். அந்தக் காசில் தேயிலையும் சீனியும் வருகின்றன. பிள்ளை அழுதால் ஒரு பிஸ்கற் பைக்கற்றும் வருகிறது. பிஸ்கற்றில் இருப்பது பெரும்பாலும் மாவும் சீனியும் எண்ணெயும். முட்டையில் இருந்த புரதம் கடைக்காரரின் பெட்டியில் தங்கிவிட, நமது பிள்ளை சீனியைத் தின்கிறது. இது இலாபமான பண்டமாற்று அல்ல.

தாய்மாரை நாம் குறை சொல்லவில்லை. கையில் காசு புழங்காத வீட்டில் முட்டை ஒரு சேமிப்புப் புத்தகம் போன்றது. அவசரத்துக்கு அதைத்தான் விற்க முடியும். ஆனால் எல்லா முட்டையையும் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்றையும் நினைவுகூர்வோம். 2022 பொருளாதார நெருக்கடியின்போது நாட்டில் கோழித்தீன் அருகிப் போயிற்று. சோளம் கிடைக்கவில்லை, பல பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் அரசு வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என உச்ச விலை விதித்தது. அந்த விலையில் முட்டை கிடைப்பது அரிதாயிற்று. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்தே முட்டை இறக்குமதியாயிற்று. அந்நாட்களிலும், முற்றத்தில் கிளறிக் கறையானும் புழுவும் சிந்திய நெல்லும் தின்ற ஊர்க்கோழி தன்பாட்டில் முட்டை இட்டது. கப்பலையும் டொலரையும் நம்பாத உணவு நமது கூட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2. முட்டைக்குள் என்ன உண்டு?

பண்ணை முட்டை ஒன்று சாதாரணமாக 50 முதல் 60 கிறாம் வரை நிறையுள்ளது. அதில் ஏறக்குறைய 6 கிறாம் புரதம் உண்டு. ஊர்க்கோழி முட்டை சிறிது. எனவே புரதமும் அதற்கேற்பக் குறையும். உடலை வளர்க்கத் தேவையான எல்லா வகைப் புரதக் கூறுகளும் முட்டையில் உள்ளன. விற்றமின் ஏ, பி12 ஆகியவையும், மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின் என்னும் சத்தும் மஞ்சட் கருவில் உண்டு. விற்றமின் சீ மட்டும் முட்டையில் கிடையாது. அதற்கு ஒரு தேசிக்காயோ கொய்யாப்பழமோ போதும்.

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டு மலைக் கிராமங்களில் நடந்தது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் நாளுக்கு ஒரு முட்டை கொடுத்தார்கள். முட்டை உண்ணாத குழந்தைகளோடு ஒப்பிடும்போது இவர்களிடையே உயரம் குன்றுதல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பின்னர் ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் இதே முறையில் ஆய்வு செய்தபோது அத்தகைய பலன் தெரியவில்லை. அது ஏரிக்கரைப் பகுதி. குழந்தைகளுக்கு முன்னரே மீன் கிடைத்து வந்தது. இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. முட்டை மந்திரம் அல்ல. ஆனால் மீனும் பாலும் இறைச்சியும் எட்டாத வீட்டில் அதன் பெறுமதி மிகப் பெரியது. கடற்கரையை விட்டு உள்ளூருக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளை ஓடு, சிவப்பு ஓடு என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. சிவப்பு ஓடு உள்ளதெல்லாம் ஊர் முட்டை அல்ல. நிறத்துக்காக மட்டும் கூடிய விலை கொடுக்க வேண்டியதில்லை. மஞ்சட் கருவின் நிறம் கோழி தின்ற தீனைப் பொறுத்தது. பச்சிலையும் மஞ்சட் சோளமும் தின்ற கோழியின் கரு நல்ல மஞ்சளாக இருக்கும்.

3. நல்ல முட்டையை அறிவது எப்படி?

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத பல ஆயிரம் துவாரங்கள் உண்டு. நாட்கள் செல்லச் செல்ல அவற்றின் வழியாக உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், காற்று உட்புகும். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. முட்டை பழசாகும்போது அந்த அறை பெரிதாகும். கெட்டியாய் இருந்த வெள்ளைக் கருவும் தண்ணீராய் இளகும். கீழே வரும் சோதனைகள் யாவும் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டவை.

(அ) கண்ணாலும் கையாலும்: வெடித்த முட்டை, எச்சம் அப்பிய முட்டை, நனைந்த முட்டை ஆகியவற்றை வாங்க வேண்டாம். காதருகே வைத்து மெதுவாக ஆட்டும்போது உள்ளே தளும்பினால் அது பழைய முட்டை. வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காமல் விடுவதே நல்லது. கடைக்காரரிடம் கேட்கத் தயங்கக் கூடாது.

"அண்ணை, இந்த முட்டை எப்ப வந்தது?"

"முந்தாநாள் தங்கச்சி. ஊர் முட்டைதான்."

"அப்ப இரண்டு தாங்கோ. தண்ணியில போட்டுப் பாத்திட்டு, நல்லாயிருந்தா நாளைக்கு வந்து மிச்சம் வாங்கிறன்."

இப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் நாலு பேர் இருந்தால் அக்கடையில் பழைய முட்டை நெடுநாள் நிற்காது.

(ஆ) தண்ணீர்ச் சோதனை: ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து முட்டையை மெதுவாக விடவும். அடியில் படுத்துக் கிடந்தால் புதிய முட்டை. அடியில் கிடந்தபடி அகன்ற முனை சற்று மேலெழுந்தால் சில நாள் ஆகியிருக்கும், உண்ணலாம். செங்குத்தாக நின்றால் நன்றாகப் பழசு. உடனே நன்கு வேகவைத்து உண்ண வேண்டும். மிதந்தால் மிகவும் பழையது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஒன்றை மறக்கக் கூடாது. இச்சோதனை முட்டையின் வயதைச் சொல்லுமே தவிர, கெட்டதா இல்லையா என்பதை முழுதாகச் சொல்லாது. தண்ணீரில் போட்ட முட்டையை அன்றே சமைக்க வேண்டும்.

(இ) வெளிச்சச் சோதனை: இருட்டான அறையில் ரோச் லைற்றின் வாயில் முட்டையின் அகன்ற முனையைப் பொருத்திப் பார்க்கவும். காற்றறை சிறிதாகவும் உட்பகுதி தெளிவாகவும் இருந்தால் நல்லது. சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கருவளரத் தொடங்கிய முட்டை. முழுதும் கறுத்துக் குழம்பியிருந்தால் கூழ்முட்டை.

(ஈ) கோப்பைச் சோதனை: முட்டையைத் தட்டையான கோப்பையில் உடைத்து ஊற்றவும். மஞ்சட் கரு உருண்டு நிமிர்ந்து நிற்க, அதைச் சுற்றி வெள்ளைக் கரு தடிப்பாய்த் திரண்டிருந்தால் புதிய முட்டை. வெள்ளைக் கரு தண்ணீராய் ஓடி மஞ்சட் கரு தட்டையாகப் பரந்தால் பழசு. 1937இல் றேமண்ட் ஹோ என்னும் அமெரிக்கர் வெள்ளைக் கருவின் உயரத்தை அளந்து முட்டையைத் தரம் பிரிக்கும் முறையை வகுத்தார். பெரிய பண்ணைகள் இன்றும் அம்முறையைப் பின்பற்றுகின்றன. நமது கண்ணும் ஒரு கோப்பையும் அதே வேலையைச் செய்யும்.

மஞ்சட் கருவில் சிறு இரத்தப் பொட்டு இருந்தால் பயப்படத் தேவையில்லை, எடுத்துவிட்டுச் சமைக்கலாம். எத்தனை முட்டை உடைத்தாலும் ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சிரட்டையில் உடைத்து மணந்து பார்த்த பின்பே சட்டியில் சேர்க்க வேண்டும். ஒரு கூழ்முட்டை நாலு நல்ல முட்டையைக் கெடுத்துவிடும்.

4. பழுதாகாமல் வைத்திருத்தல்

முட்டையின் நல்ல தன்மை கூட்டிலேயே தொடங்குகிறது. காலையும் மாலையும் முட்டையை எடுக்க வேண்டும். நாள் முழுதும் கிடந்தால் வெயிலும் அடுத்த கோழியின் சூடும் அதைப் பழுதாக்கும். கீரியும் பாம்பும் மரநாயும் பங்குக்கு வரும். எல்லாவற்றையும் எடுத்தால் கோழி இடம் மாறிப் பற்றைக்குள் இடத் தொடங்கலாம். ஆகவே கரியால் அடையாளமிட்ட ஒரு முட்டையைக் கூட்டிலே விட்டு வைக்கலாம். அதை உணவுக்கு எடுக்கக் கூடாது. பற்றைக்குள் கண்டெடுத்த முட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

சேவல் சேர்ந்த முட்டை நமது வெப்பத்திலேயே உள்ளே கருவளரத் தொடங்கக் கூடும். உணவுக்காக மட்டும் கோழி வைத்திருப்பவர்கள் சேவலைப் பிரித்து வைத்தால் முட்டை கூடிய நாள் நல்லதாக இருக்கும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

• முட்டையைக் கழுவி வைக்கக் கூடாது. ஓட்டின்மேல் இயற்கையான ஒரு மெல்லிய பூச்சு உண்டு. அது துவாரங்களை மூடிக் காக்கிறது. அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கவும். சமைக்கும் நேரத்தில் கழுவலாம்.

• அகன்ற முனை மேலே இருக்கும்படி வைக்கவும். உமி பரப்பிய ஓலைப்பெட்டி இதற்கு நல்லது.

• பெரிய சட்டியில் மணல் பரப்பி அதன் நடுவே சிறு மண்பானையை வைத்து, சுற்றிலும் மணல் நிரப்பித் தண்ணீர் தெளிக்கவும். பானைக்குள் முட்டையை வைத்து மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்கவும். மணல் ஈரமாகவும் முட்டை உலர்ந்தும் இருக்க வேண்டும்.

• முட்டை இட்ட நாளிலேயே உள்ளங்கையில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி முட்டை முழுவதும் பூசி வைக்கலாம். எண்ணெய் துவாரங்களை அடைப்பதால் ஈரம் வெளியேறுவது குறையும். அடைவைக்கும் முட்டைக்கு எண்ணெய் பூசவே கூடாது. உள்ளே வளரும் குஞ்சுக்குக் காற்று வேண்டும்.

• மண்ணெண்ணெய், வெங்காயம், கருவாடு ஆகியவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டாம். முட்டை வாசனையை உறிஞ்சும். ஒரே அறையில் வாழும் குடும்பங்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்கவும்.

• ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் திகதியை எழுதி, பழையதை முதலில் எடுக்கவும். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம்.

அடைவைத்து ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்த்து, கருக்கட்டாத முட்டைகளை விலக்குவது நம்மவர் பலருக்கும் தெரிந்த முறை. கோழியின் சூட்டில் ஒரு கிழமை கிடந்த அம்முட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோவது தவறு. வாங்குபவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தடவை ஏமாந்தவர் மறுதடவை நமது முட்டையை வாங்கமாட்டார்.

5. சமைத்து உண்ணுதல்

முட்டையில் சல்மனெல்லா என்னும் கிருமி இருக்கக் கூடும். வயிற்றோட்டமும் காய்ச்சலும் அதனால் வரும். வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வேகவைத்தால் அக்கிருமி அழியும். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு நன்கு வெந்த முட்டையையே கொடுக்க வேண்டும். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் அவசியம்.

பெண் பிள்ளை பெரியவளானதும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுப்பது நமது வழக்கம். வளரும் பெண்ணுக்குச் சத்தான உணவு வேண்டும் என்ற நல்ல எண்ணமே அதன் அடிப்படை. அந்த எண்ணத்தைக் கைவிடத் தேவையில்லை. முறையைச் சற்று மாற்றுவோம். 1998இல் பெல்ஜியம் நாட்டில் செய்யப்பட்ட ஆய்வொன்றில், வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 வீதத்தை உடல் ஏற்பதும், பச்சை முட்டையில் அது ஏறக்குறைய 50 வீதமாக மட்டும் இருப்பதும் தெரியவந்தது. அதாவது பச்சையாகக் குடித்தால் பாதி வீணாகிறது. அதே முட்டையை அதே நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுத்தால் வழக்கமும் நிலைக்கும், சத்தும் சேரும். பேத்தியிடம் அன்புள்ள எந்த அம்மம்மாவும் இதை மறுக்கமாட்டார்.

அவித்த முட்டைக்கு, தண்ணீர் கொதித்த பின் 10 நிமிடம் போதும். கூடுதலாக அவித்தால் மஞ்சட் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றும், அது நஞ்சல்ல. அன்று இட்ட முட்டையை அவித்தால் கோது இலகுவில் கழராது. அவிப்பதற்கு நாலைந்து நாள் ஆன முட்டையையும், பொரிப்பதற்குப் புதிய முட்டையையும் எடுத்தால் இரண்டும் நன்றாக அமையும்.

இரண்டு முட்டையை ஐந்து பேருக்குப் பங்கிட வழிகள் உண்டு. முருங்கையிலை வறை இறக்கும் தறுவாயில் இரண்டு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறினால் எல்லோர் கோப்பைக்கும் முட்டை வரும். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிய சட்டியில் முட்டையை உடைத்துக் கிளறி, அவித்த பிட்டைச் சேர்த்துப் பிரட்டலாம். கொதிக்கும் சொதியில் முட்டையை உடைத்து விட்டு, அது இறுகிய பின் தேசிப்புளி விட்டு இறக்கலாம். புளி சேர்ப்பது கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிப்பது அதற்குத் தடையாகும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்போம்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு, நன்கு அவித்த முட்டையை மசித்துக் குழைந்த சோற்றுடன் சிறிதளவில் தொடங்கலாம். உடலில் தடிப்போ வீக்கமோ கண்டால் நிறுத்தி மருத்துவமாதுவிடம் காட்டவும். மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

6. யாருக்கு முதலில்?

ஒரு கணக்குப் பார்ப்போம். மூன்று பேடுகள் உள்ள வீட்டில் ஒன்று அடைகிடக்க, இரண்டு இடுகின்றன என வைத்துக்கொள்வோம். இரண்டு நாளுக்கு ஒன்று வீதம் கிழமைக்கு ஏழு முட்டை வரும். இதில் நாலை வீட்டுக்கு ஒதுக்கி மூன்றை விற்கலாம். அல்லது அடைக்குச் சேர்க்கலாம். ஒதுக்கிய நாலில் முதற் பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும். எஞ்சியதை எல்லோருக்கும் பொதுவாகச் சமைக்கலாம்.

"உழைக்கிற மனுசனுக்குக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் தாயும் உழைக்கிறார் அல்லவா? விறகும் தண்ணீரும் சுமந்து, கூலி வேலைக்கும் போய், கோழியையும் அவர்தான் பார்க்கிறார். முட்டையைத் தந்தைக்கும் ஆண் பிள்ளைக்கும் வைத்துவிட்டு, தாயும் பெண் பிள்ளையும் சட்டியில் மிஞ்சிய குழம்போடு சாப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. எவரும் கட்டளையிட்டு வந்ததல்ல அது. எவரும் கேள்வி கேட்காததால் நிலைத்தது. நாட்டில் நடந்த அநியாயங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நமது கோப்பையில் நடக்கும் அநியாயத்தை நாமே இன்றிரவு திருத்தலாம். அதற்கு எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

இழந்த காணியும் வீடும் எப்போது முழுதாகத் திரும்பும் என்பது நமது கையில் மட்டும் இல்லை. ஆனால் கூட்டிலிருந்து எடுக்கும் முட்டை எங்கே போக வேண்டும் என்பது முற்றிலும் நமது தீர்மானம். கிழமைக்கு நாலு முட்டை வீட்டுக்கு என்று இன்றே தீர்மானிப்போம். மூன்று மாதம் தவறாமல் செய்து, கிளினிக்கில் பிள்ளையின் நிறையையும் உயரத்தையும் பார்த்து வருவோம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. சென்ற கிழமை நமது வீட்டுக் கோழிகள் எத்தனை முட்டை இட்டன? எத்தனை விற்றோம்? எத்தனை உண்டோம்? யார் உண்டார்கள்?

2. முட்டை விற்ற காசில் நாம் வாங்கிய பொருட்களில் எவை அவசியமானவை? எவை இல்லாமலும் சமாளிக்கலாம்?

3. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு முட்டை கொண்டு வருவோம். தண்ணீர்ச் சோதனையும் கோப்பைச் சோதனையும் செய்து பார்த்து, நல்ல முட்டைகளை அங்கேயே முருங்கையிலையோடு சமைத்துப் பிள்ளைகளுடன் பகிர்ந்து உண்போம்.